ரேடியேட்டரில் ஒரு சொம்பு கஞ்சி

மே 6, 2003. செவ்வாய்.

ஏழரை மணிக்கே மாடிப்படி சுடுகிறது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ளினோம். நான், டிரைவர் ஏகாம்பரம், எதிர்வீட்டு வாத்தியார். தள்ளி முடித்ததும் வாத்தியார் பஞ்சகச்சத்தைச் சரிசெய்துகொண்டே, "இந்த மாசத்துல இது நாலாவது தடவை ஸ்வாமி" என்றார். இன்று தேதி ஆறு. நான் எண்ணுவதில்லை. அவர் எண்ணுகிறார்.

தபாலில் கல்லூரிக் கடிதம். உத்திரமேரூர் சாலையில் புதிதாக வந்திருக்கும் இன்ஜினியரிங் கல்லூரி. பெண் விரிவுரையாளர்களை ஏற்றி இறக்க ஒன்பது பேர் உட்காரும் வண்டி தேவை. மாதம் 11,500. நிபந்தனைகள்: எஃப்.சி., அதாவது வண்டித் தகுதிச் சான்று, இருக்க வேண்டும். 28ஆம் தேதி வண்டியையும் டிரைவரையும் நேரில் காட்ட வேண்டும். ஜூன் 2 முதல் ஓட்டம்.

கடிதத்தை ஏகாவிடம் காட்டினேன். தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டான். "மாசாமாசம் சம்பளம் கரெக்டா வருமா சாமி?" வரும் என்றேன். மூவாயிரம் ஆக்குகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். மாகறலில் அரிசி மில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவனை நான்தான் அழைத்து வந்தேன். பத்து மாதத்தில் மூன்று முறை சம்பளம் பாக்கி வைத்திருக்கிறேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

மனைவி வைதேகியிடமும் காட்டினேன். படித்துவிட்டு மேசைமேல் வைத்தாள். "பட்டுக் கடைக்காரர் ஒண்ணாந்தேதி வரைக்கும்தான் இடம் வெச்சிண்டிருப்பாராம்." கடையில் எனக்குக் கணக்கெழுதும் வேலை. வங்கியில் இருபத்தாறு வருஷம் கணக்கெழுதி, வி.ஆர்.எஸ். வாங்கி வெளியே வந்தது மறுபடி கணக்கெழுதவா? இதைச் சொல்லவில்லை. சொன்னால், அந்தப் பணத்தில் பதினோரு வருஷப் பழசான டீசல் வண்டி வாங்கியது யார் என்று கேட்பாள்.

மே 8, வியாழன்.

ஒலிமுகமதுபேட்டை. ரஹீம் பாய் பட்டறை. பாய் வண்டிக்கு அடியில் படுத்து முக்கால் மணி நேரம். கால் மட்டும் வெளியே. அவ்வப்போது உள்ளேயிருந்து "யா அல்லா".

வெளியே வந்து சொன்னது:

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட். 2,800.
செல்ஃப் மோட்டார் காயில். 900.
பின் பக்க ஸ்பிரிங் மெயின் பட்டை உடைசல். 650.
டீசல் பம்ப் கேலிபரேஷன் (புகை!). 2,400.
பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கிட். 380.
ஸ்டியரிங் ஆட்டம். "பாத்துக்கலாம்."
ரேடியேட்டர் கோர். 3,200.
லேபர். "நீங்க குடுக்கறதைக் குடுங்க சாமி." இதுதான் பயம்.

எஃப்.சி.க்கு டிங்கரிங், பெயின்ட் தனி.

கடைசிப் பத்து மாதம் இதே பட்டறையில் கொடுத்தது 41,000 சொச்சம். திவ்யதேச யாத்திரை ஓட்டி வந்தது 38,000. வங்கியில் வேறு யாராவது இந்தக் கணக்கோடு கடன் கேட்டு வந்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

ரேடியேட்டரை மட்டும் அடுத்த மாதம் என்றேன். பாய் காதைச் சொறிந்தார். "கீழ ஜாயின்ட் வீக்கா இருக்குது. கோடை வேற." காலேஜ் பணம் வந்ததும் முதல் வேலை அதுதான் என்றேன்.

மே 12, திங்கள்.

வண்டி வந்தது. கிளட்ச் வெண்ணெய். செல்ஃப் ஒரே தடவையில் பிடித்தது. ஏகா இரண்டு முறை அணைத்து இரண்டு முறை போட்டுக் காட்டினான், சந்தோஷம் தாங்காமல்.

பாய்க்கு 6,500 கொடுத்தேன். பம்ப் வேலை பாக்கி. எண்ணெய் விலை ஏறப்போகிறதாம். கொத்தவரங்காய் வாங்க மறந்துவிட்டேன், வை.க்குக் கோபம்.

மே 14, புதன்.

வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பம், ஆறு பேர். ரயிலடியிலிருந்து திருப்பருத்திக்குன்றம் கோயில். காலை எட்டுக்கு இறக்கிவிட்டோம். பதினொன்றுக்குத் திரும்பக் கூட்டிவர வேண்டும். நடுவில் டீசல் போட வரும்போது பிள்ளையார்பாளையத்தில் முன்பக்கம் புஸ்ஸென்று ஆவி. ரேடியேட்டர் கீழ் ஜாயின்ட். பாய் சொன்ன அதே இடம்.

தண்ணீர் ஊற்ற ஊற்றக் கீழே போகிறது. மணி ஒன்பதேகால். பட்டறைக்கு ஓட்டிப் போகவும் முடியாது.

ஏகா சொன்னான்: "ஒரே ஒரு முட்ட சாமி. ஒடைச்சி வெள்ளைய மட்டும் ஊத்துனா வெந்து அடைச்சிக்கும். லாரில எத்தினி தடவ செஞ்சிக்கிறோம். பேட்டைக்குப் போற வரைக்கும் தாங்கும்."

முன் கண்ணாடியில் திருமண். உள்ளே வரதர் படம். திருமலைக்குப் போய் வந்த வண்டி. அதன் வயிற்றில் முட்டையா? கூடாது என்றேன். "யாருக்குத் தெரியும் சாமி?" எனக்குத் தெரியும் என்றேன்.

அந்தத் தெருவில் பாவு போட்டிருந்தார்கள். தறிக்குப் போகுமுன் பட்டு இழையைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்துக் கோதிக்கொண்டிருந்தார்கள். ஒரு அண்டா கஞ்சி, வடிகட்டியது, மழமழவென்று. பார்த்ததும் தோன்றியது. நூலுக்கு நூல் ஒட்டிப் பிடிக்கும் பசை, ஒரு பித்தளை ஓட்டையைப் பிடிக்காதா?

அங்கிருந்த அம்மாளிடம் ஒரு சொம்பு கேட்டேன். "குடிக்கவா சாமி? உப்பு போடலியே." வண்டிக்கு என்றேன். "வண்டிக்கா!" தெருவே சிரித்தது. ஏகா என் கையைப் பிடித்தான். "வேணாம் சாமி. கஞ்சி வேற, முட்ட வேற." நான் கையை உதறினேன். நானே ஊற்றினேன். ஒரு சொம்பு. நிற்கவில்லை. இன்னொரு அரைச் சொம்பு.

நின்றது! சொட்டு இல்லை. பத்து நிமிஷம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சொட்டு இல்லை.

பத்து ஐம்பதுக்குக் கோயில் வாசலில் நின்றோம். ஜைனப் பெரியவர் ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார்.

மே 15, வியாழன்.

ரேடியேட்டர் சொட்டவில்லை. காலை, மதியம், மாலை பார்த்தாயிற்று. 3,200 மிச்சம். ஏகாவிடம் "என்ன சொல்கிறாய்?" என்றேன். "பாய் கிட்ட ஒரு தபா காட்டிடலாம் சாமி" என்றான். பொறாமை.

மே 17, சனி.

கூரம் போகும் வழியில் வண்டி படுத்துவிட்டது. நாலு பேர் சவாரி. சூடு காட்டும் ஊசி சிவப்புக்கு ஏறியது. ஏகா "நிறுத்திடவா சாமி" என்றான். இரண்டு தடவை கேட்டான். ஊர் வந்துவிட்டது, நிழலில் நிறுத்து என்றேன். நிழல் வருவதற்குள் உள்ளே ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை.

டிப் ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் டீ நிறத்தில். தண்ணீர் கலந்துவிட்டது.

சவாரிக்காரர்களை பஸ்ஸில் ஏற்றினோம், டிக்கெட் என் காசு. டிராக்டர் வைத்துக் கயிறு கட்டி இழுத்து வந்தோம், 400. ஏகா ஸ்டியரிங்கில். நான் டிராக்டர்காரர் பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்து. சின்ன காஞ்சிபுரம் முழுக்கப் பார்த்தது.

மே 19, திங்கள்.

எழுதாமல் விடலாம். எழுதுகிறேன்.

பட்டறையில் கூட்டம். வேறு மூன்று வண்டி ஆட்கள், ஒரு காலேஜ் பஸ் டிரைவர், எதிர்க் கடை லேத் முதலாளி. பாய் ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினார். கொழகொழவென்று வெள்ளையாக விழுந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார்.

"இன்னாபா இது? பொங்கல் வெச்சிக்கிறீங்களா உள்ள?"

எல்லாரும் வந்து குனிந்து பார்த்தார்கள். குழாய் அத்தனையும் அடைப்பு. இன்ஜின் ஹெட் வளைந்துவிட்டது. ஒரு இடத்தில் முடி மாதிரி விரிசல்.

"எவன் ஊத்துனான் இத?" பாய் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் ஏகாவைப் பார்த்தேன். "டிரைவரைக் கேளுங்கோ." இவ்வளவுதான் சொன்னேன். நீ ஊற்றினாய் என்று சொல்லவில்லை. அவனைக் கேளுங்கள் என்றேன்.

ஏகா என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு, "ஆமா பாய்" என்றான்.

பாய் திட்டினார். எழுத முடியாத திட்டு. மற்றவர்கள் சிரித்தார்கள். லேத் முதலாளி, "இனிமே டீசலுக்கு பதிலா ரசம் ஊத்துப்பா" என்றார். ஏகா கைலித் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். கையில் அழுக்கே இல்லை.

முதலாளிக்கு மரியாதை போனால் தொழில் போகும், டிரைவருக்கு என்ன போகப்போகிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். பெருமாளே.

மே 20, செவ்வாய்.

வை. கேட்டாள், எப்படி ஆச்சு என்று. டிரைவர் தவறு என்றேன். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடச் சுலபமாக இருந்தது.

"அப்பவே நெனச்சேன். லாரி ஓட்டினவனைக் கொண்டுவந்து வெச்சிண்டு. நிறுத்திடுங்கோன்னா."

பாயின் கணக்கு: ஹெட் வெல்டிங், லேத்தில் ஃபேசிங், கேஸ்கெட், ஆயில் ஒன்பது லிட்டர், ரேடியேட்டர் கோர் (இப்போது வேறு வழியில்லை), ஹோஸ், பம்ப், கூலி. மொத்தம் 14,700. பாய் சொன்னார்: "வித்துடுங்க சாமி. காயலாங்கடைக்காரன் முப்பதாயிரம் குடுப்பான். இது இனிமே வாங்கிக்கினேதான் இருக்கும், குடுக்காது."

காலேஜ் இருக்கிறது என்றேன். பெருமூச்சு விட்டு ஸ்பேனரை எடுத்தார்.

கடைசி டெபாசிட்டை உடைத்தேன். கவுன்டரில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். "சார், வண்டி நல்லா ஓடுதா?" பிரமாதம் என்றேன்.

மே 23, வெள்ளி.

பட்டறை. ஏகா அங்கேயே இருக்கிறான். டிரைவர் வேலை இல்லாத நாட்கள். வீட்டுக்குப் போ என்றால் போவதில்லை. போல்ட் கழுவுகிறான், பாய்க்கு டார்ச் பிடிக்கிறான். பட்டறை ஆட்கள் அவனை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏ கஞ்சி, பதினாலாம் நம்பர் எடு." எடுத்துக் கொடுக்கிறான்.

நான் இருக்கும்போது யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. தெருமுனையிலேயே காதில் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, பிறகு செருமிக்கொண்டு உள்ளே போனேன்.

தனியாக அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தேன். "சாப்பிட்டாயா?" என்று கேட்டேன். "ஆச்சி சாமி." மணி பதினொன்று.

வெயில் 107 என்று பேப்பரில்.

மே 26, திங்கள்.

ஹெட் ஏறிவிட்டது. இன்ஜின் பிடித்தது. ஒரு நிமிஷம் வெள்ளைப் புகை, பிறகு கறுப்பு, பிறகு கொஞ்சம் கறுப்பு. பாய்: "இதுக்கு மேல இது குறையாது." பெயின்ட் 3,800. இடது கதவு மட்டும் வேறு வெள்ளை.

இரண்டாம் கியர் நழுவுகிறது. புது வியாதி. யாரிடமும் சொல்லவில்லை. ஏகாவுக்குத் தெரியும், மூன்றாம் கியருக்கு அவனாகவே சீக்கிரம் மாறிக்கொள்கிறான்.

மே 27, செவ்வாய்.

எஃப்.சி. கிடைத்தது. பிரேக் நல்லா இருக்கிறது என்றார் ஆய்வாளர். ஏகா ஓட்டிக் காட்டினான், கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுபோவதுபோல. வாசலில் டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "எங்க வூட்டாண்ட காலேஜ் வண்டின்னு சொல்லிட்டேன் சாமி" என்றான். சிரித்தான். இந்தப் பத்து நாளில் முதல் சிரிப்பு.

இவனுக்கு என்மேல் கோபமே இல்லையா? இருந்தால் தேவலை.

மே 28, புதன்.

கல்லூரி. டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ், என் வயது, சஃபாரி சட்டை. வண்டியைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். சீட்டை அமுக்கினார். எஃப்.சி. காகிதத்தைப் பார்த்தார். "பழசுதான். இருந்தாலும் நீட்டா வெச்சிருக்கீங்க. பரவால்ல."

பிறகு ஏகாவைப் பார்த்தார். என்னை மட்டும் மரத்தடிக்கு அழைத்தார். ஏகா பத்தடியில் நிற்கிறான். குரலை ஒன்றும் பெரிதாகத் தாழ்த்தவில்லை.

"வண்டி ஓகே சார். டிரைவர் வேணாம். எங்க பஸ்ஸும் அதே பேட்டை பட்டறைலதான் விடறோம். ரேடியேட்டர்ல கஞ்சி ஊத்துனவன் இவன்தானே? லேடீஸ் போற வண்டி. நாளைக்கு நடுரோட்ல என்னத்த ஊத்துவான்னு யாருக்குத் தெரியும்?"

இப்போது சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம். வாய்வரை வந்தது, சத்தியமாக. வந்த உடனே அடுத்ததும் தெரிந்தது. முதலாளியே இப்படி என்றால் வண்டியும் வேண்டாம் என்பார். டெபாசிட் இல்லை. வீட்டில் வை.

"வேற டிரைவர் போட்டுக்கறேன்" என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். ஒரு வருஷம்.

திரும்பி வரும்போது ஏகாதான் ஓட்டினான். இருபது கிலோமீட்டர். தெருவில் நிறுத்திச் சாவியை எடுத்து, வழக்கம்போல வரதர் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என்னிடம் கொடுத்தான்.

வை.யிடம் சொன்னேன். முகம் மலர்ந்தது. பத்து மாதத்துக்குப் பிறகு. பால் வாங்கிவரச் சொல்லித் திருக்கண்ணமுது பண்ணினாள், முந்திரி போட்டு. ஒரு கரண்டிப் பாயசத்தோடு கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன். "நன்னா இல்லையா?" ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன்.

மே 29, வியாழன்.

ஏகா கணக்கு முடிக்க வந்தான். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை, வாசலிலேயே.

பாக்கிச் சம்பளம் 2,200. மேலே ஐந்நூறு வைத்துக் கொடுத்தேன். எண்ணினான். ஐந்நூறைத் தனியாக எடுத்தான்.

"இது எதுக்கு சாமி?"

சும்மா வைத்துக்கொள் என்றேன்.

"கஞ்சிக்குன்னா வேணாம் சாமி." மடித்துத் திருப்பிக் கொடுத்தான். கோபமாக இல்லை. மீதிச் சில்லறை கொடுப்பதுபோல.

மில்லில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டேன். லாரி தர மாட்டேன் என்றார்களாம். கதை மாகறல்வரை போயிருக்கிறது. மூட்டை ஏற்ற வா என்றார்களாம். "பாக்கலாம் சாமி." கிளம்பும்போது திரும்பி, "ரெண்டாங் கியரு நழுவுது. புது ஆளாண்ட சொல்லிடுங்க" என்றான்.

மே 30, வெள்ளி.

காலை பத்து மணி. பட்டறை. பாய் தனியாக. இதுதான் சமயம்.

"பாய், கஞ்சி ஊத்தினது ஏகா இல்லை. நான்."

டீசல் நாஸிலின் துளையை ஊதிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "தெரியும் சாமி."

எப்படி?

"முப்பது வருசமா டிரைவருங்களப் பாத்துக்கினு இருக்கேன். எந்த டிரைவரும் முட்ட கெடைக்கிற ஊர்ல கஞ்சிய ஊத்த மாட்டான். அதுக்கு உங்க ஆளுங்கதான் வேணும்."

அப்புறம் ஏன் அவனைத் திட்டினீர்கள் என்றேன்.

"பேட்டையே நின்னுக்கினு இருந்துச்சி. அவனும் ஆமான்னுட்டான். உங்களத் திட்ட முடியுமா?"

காலேஜில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லலாமே என்றேன். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "நான் சொன்னா, நீங்க சொல்லலன்னு ஆயிடும். நீங்க சொல்லுங்க சாமி. ஃபோன் பூத் அதோ இருக்குது."

போனேன். எண்ணைப் போட்டேன். இன்சார்ஜே எடுத்தார். "சொல்லுங்க சார்."

"திங்கட்கிழமை முதல் ஸ்டாப்புக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டேன்.

"ஏழு மணி சார். லெட்டர்லயே இருக்குதே."

பூத்திலிருந்து, பட்டறைப் பக்கம் போகாமல், மறுபக்க வழியாகவே வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 1, ஞாயிறு.

பட்டுக் கடைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பியாயிற்று. வை.யே போய்ச் சொன்னாள், பெருமையாக.

புது டிரைவர் வந்து பார்த்தான். ஐயன்பேட்டை. மூவாயிரத்து ஐந்நூறு கேட்டான். சரி. இரண்டாம் கியரைப் பற்றிச் சொன்னேன். "வண்டில இன்னா சார் நல்லா இருக்குது?" என்றான்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். டீசல், டிரைவர், டயர், பாய் எல்லாம் போக மாதம் 900 நிற்கும். கியர் பாக்ஸ் திறக்காத வரை.

ஜூன் 2, திங்கள்.

முதல் நாள் என்பதால் நானும் கூடப் போனேன், முன் சீட்டில். செல்ஃப் ஒரே தடவையில் பிடித்தது. ஏழுக்கு முதல் ஸ்டாப். ஏழு பெண்கள், எல்லாரும் சின்ன வயது, டிபன் கேரியர், ஹேண்ட்பேக். பின்னால் பூ வாசனை. "சார், வண்டி புதுசு மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. இடது கதவைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஊசி நடுவில் நின்றது. இரண்டாம் கியர் ஒரு தடவை நழுவியது. சமாளித்தான்.

மாகறல் ரோட்டில் அரிசி மில். வாசலில் லாரி. முதுகில் மூட்டையோடு ஏகா. ஹாரன் சத்தம் அவனுக்குத் தெரியும். மூட்டையைப் பலகையில் இறக்கிவிட்டுத் திரும்பி, வண்டியைப் பார்த்துக் கையைத் தூக்கினான். முகமெல்லாம் சிரிப்பு. வண்டி ஓடுகிறதே என்ற சிரிப்பு. வேறு எதுவும் அதில் இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன்.

"யாருங்க அது, நமக்கா கை காட்றாரு?" பின்னாலிருந்து ஒரு பெண்.

புது டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னான்: "அவனா மேடம்? இந்த வண்டிய ஓட்டிக்கினு இருந்தவன். ரேடியேட்டர்ல கஞ்சி ஊத்துன கேசு."

எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.